எருமப்பட்டி ஏரியில் அலை வந்த நாள்

லாரி ஓட்டும் எங்கள் வீட்டுக்காரர் சின்னண்ணனுக்கு எதைக் கண்டாலும் தட்டிப் பார்த்தாக வேண்டும். தர்பூசணி, லாரிக்கு அடிக்கும் பலகை, மாட்டின் முதுகு, எதையும் விடமாட்டார். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்து, "இதுதான்" என்பார். அப்புறம் பிரம்மாவே வந்து சொன்னாலும் மாற்றமாட்டார். அப்படித் தட்டி வாங்கிய எருமை ஒன்று எங்கள் கொட்டகையில் யானை உருவத்தில் நிற்கிறது. அதன் பால் எங்கள் இரண்டு பேர் காப்பிக்கே பற்றாது.

எண்பத்து நாலாம் வருடம் ஆடி மாதம், கொச்சியிலிருந்து மெட்ராசுக்கு லோடு ஏற்றியவர், சேலம் வழியாக நேராகப் போகாமல் லாரியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கூடவே மிக்கேலும் இறங்கினான். சேலத்துக்காரன், இருபத்தெட்டு வயது. ஆறு வருடம் இவருடைய லாரியில் கிளீனராக இருந்துவிட்டு, மெட்ராசுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனவன். அங்கே தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர், காற்றுக்குப் பாய் கட்டிய பலகைமேல் நின்றபடி கடலில் ஓட இவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

ஓட்டலுக்காக மிக்கேல் கொச்சித் துறைமுகத்தில் போய் எடுத்துவந்த அப்படிப்பட்ட பலகைகள் இரண்டை லாரியிலிருந்து இறக்கினார்கள். ஒன்று வெள்ளை, பன்னிரண்டு அடி நீளம், நல்ல கனம். இன்னொன்று சிவப்பு, எட்டரை அடி, ஒல்லி. இரண்டுக்கும் பொதுவாக ஒரே பாய். ஒரு பலகையைத்தான் ஓட்டல் வைத்துக்கொள்ளுமாம். மற்றதை விற்றவர்களின் சேலத்து ஏஜெண்டு குடோனில் திருப்பிவிட வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மிக்கேல் விருந்தாளிகள் முன்னால் அலைமேல் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் சொல்லிக்கொடுக்கும் வேலை நிரந்தரம். விழுந்தால் மறுபடி பாத்திரம்.

"எதுங்கண்ணா எடுக்கலாம்?" என்று இவரைக் கேட்டான், கேட்கக் கூடாதவரை.

இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டையும் மூன்று சுற்றுச் சுற்றினார். தட்டினார். காளை வாங்குகிறவர் போலக் குனிந்து சுழி தேடினார். "இது எத்தனை டன் தாங்கும்?" என்றார்.

"ஒரு ஆளுதானுங்கண்ணா."

"அப்ப வெள்ளையேதான். சத்தத்தைக் கேளு, கிண்ணுன்னு இருக்குது. செவப்பு நோஞ்சான்."

ஏரியில் போட்டும் பார்த்தார்கள். அந்த வருடம் கோடை மழை கொட்டியதில் ஆடியிலும் ஏரி நிறையத் தண்ணீர். வெள்ளைப் பலகைமேல் இவர் ஏறி நின்றார், அது கயிற்றுக் கட்டில் மாதிரி அசையாமல் கிடந்தது. சிவப்பின்மேல் ஏறினார், இடுப்புவரை தண்ணீருக்குள் போய்விட்டார். "பாத்தியா? முழுகற சாமானத்தை எவனாவது வாங்குவானா?" என்றார். மிக்கேல் தலையைத் தலையை ஆட்டினான். எனக்கு அந்த ஆட்டல் பிடிக்கவில்லை.

இவர் சைக்கிளில் டீக்கடைக்குப் போனதும், "என்னடா சாமி, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?" என்று கேட்டேன்.

"செவப்புதானுங்கக்கா வேணும். அது நின்னாத்தான் முழுகும். காத்துப் பாயில ஏறிருச்சுன்னா மெதந்துரும், அலையில வெடுக்குன்னு திரும்பும். வெள்ளை சமத்தண்ணிக்கு ராசா. அலை வந்தா மூக்கைக் குத்திக்கும்."

"இதை அவருகிட்டச் சொல்றதுக்கென்ன கேடு?"

"டிரைவருங்கக்கா அவரு" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. லாரியை விட்டிறங்கி நாலு வருடமாகியும் டிரைவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லையாம்! பிழைப்பே போகப்போகிறது, இவன் மரியாதை பார்க்கிறான். நானும் நேராகச் சொல்லிப் பயனில்லை. நான் சொன்னால் அவர் இரண்டு வெள்ளையாக வாங்குவார்.

நேரம் உச்சியாகிக்கொண்டிருந்தது. எங்கள் எருமைகள் ஏரிக்கு இறங்கும் நேரம். அந்த நேரத்தில் அவற்றை மறிக்க யாராலும் முடியாது. அன்றைக்கு நான் அக்கம்பக்கத்துக் கட்டுத்தறி எருமைகளையும் அவிழ்த்துவிட்டேன். முப்பது உருப்படி இருக்கும். அதற்குள் திரும்பி வந்திருந்த இவர், கரையில் கூடிய கூட்டத்துக்காக வெள்ளைப் பலகைமேல் மறுபடி ஏறி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, எருமை வருதுங்க!" என்று கத்தினேன். மனசாட்சிக்காக.

முப்பதும் கரையிலிருந்து மொத்தமாக விழுந்தன. ஏரி எழும்பியது. பலகையின் மூக்கு உள்ளே போனது, வால் மேலே வந்தது, எங்கள் வீட்டுக்காரர் பறந்தார். விழுந்தது எங்கே என்கிறீர்கள்? அவர் தட்டி வாங்கிய அந்த யானை எருமையின் முதுகில்.

அந்தப் பக்கம் மிக்கேல் சிவப்பை இறக்கினான். தண்ணீரில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் பலகைமேல் வைத்து, பாயைத் தூக்கினான். ஆடிக் காற்று அவனை அப்படியே தூக்கி நிறுத்தியது. அலைக்கு அலை தாவி, எருமைத் தலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடினான். கூட்டம் விசிலடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையோடு அவன் பாத்திரம் கழுவுவது நின்றது.

எருமை இறங்கிய அன்றைக்கே சாயங்காலம் லாரி கிளம்பும்போது, காதில் சேறு காயாமல் இவர் கேட்டார், "உனக்கு முன்னாலயே தெரியுமா?"

மிக்கேல் தரையைப் பார்த்தான்.

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தே? நான் உன்ற பொழப்பைக் கெடுத்திருப்பனேடா!" துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். "ஆறு வருசத்துல இன்னும் எத்தனையை இப்படி முழுங்குனே?"

 மிக்கேல் மெதுவாக, "பின்னால எடது பக்கம் உள் டயர்ல காத்து எறங்கியிருக்குதுங்கண்ணா. பாலக்காட்டுலயே பாத்தேனுங்க" என்றான்.

"காலையிலதான் தட்டிப் பாத்தேன், கிண்ணுன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். டயர் தட்டும் இரும்புக் கம்பியை கேபினிலிருந்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கம்பியை மிக்கேலிடம் நீட்டி, "நீ தட்டிச் சொல்லு" என்றார்.