4,633 பறவைகளும் ஒரு கையெழுத்தும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரு பிணம் இருந்தது. ஏரி, விடியற்காலைப் பனி, நாணல் மறைவில் மிதக்கும் கோட்டு போட்ட உடல் என்று முதல் அத்தியாயம் தயார். ஏரி விவரம் கேட்கத்தான் பெங்களூர் நீலசந்திராவுக்கு எல்லம்மாவைத் தேடிப் போனேன். ஹொன்னேகெரே ஈரநிலக் காப்பகத்தில்* பன்னிரண்டு வருடமாகப் பறவை எண்ணும் வாட்சர். காண்ட்ராக்ட் வேலை.

"பொணமெல்லாம் வாணாம் சார். நடந்ததே போதும்," என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் பிணம் வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டது.

(* மேப்பில் தேடாதீர்கள். பெயர் நான் வைத்தது.)

2

முதல் வரி, முதல் முயற்சி: "ஆயிரக்கணக்கான சிறகுகள் ஒரே நொடியில் வானத்தை..."

அடித்துவிட்டேன். சிறகுகள் இல்லை என்பதுதான் கதையே.

இரண்டாம் முயற்சி: "ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய அந்த மர்மப் பெண்..."

மர்மம் ஒன்றுமில்லை. டாக்டர் மார்கிட். உலக ஈரநிலப் பட்டியலில் இந்த ஏரி நீடிக்கலாமா என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துச் சொல்பவர்.

ஆகவே நேராகவே ஆரம்பிக்கிறேன். மார்கிட் வருவதற்குப் பத்து நாள் முன்பு, காப்பக அதிகாரி வெங்கடசுப்ரமணியன் கரையில் வந்து நின்றார். கணுக்கால் அளவுத் தண்ணீர், மீதியெல்லாம் சேறு. அந்தச் சேற்றில் நாலாயிரம் உள்ளான்கள் அலகை விட்டுப் புழு தேடிக்கொண்டிருந்தன. அவர் கண்ணில் பட்டது சேறு மட்டும்தான்.

"என்னம்மா இது, அசிங்கமா? வெள்ளைக்காரி பார்த்தா என்ன நினைப்பா? ஏரின்னா தளும்பணும்!"

"ஐயோ சார், தளும்பினா இதுங்க எங்க நிக்கும்? வாத்தா என்ன, நீஞ்சறதுக்கு? கால் நனையற தண்ணிதான் சார் இதுங்களுக்கு."

"சும்னே இரு. மதகை மூடச் சொல்லு."

மதகு மூடியது. சுத்திகரித்த தண்ணீர் குழாய் திறந்தது. நாலே நாளில் ஏரி கல்யாண வீட்டுப் பாயச அண்டா மாதிரி நிறைந்தது. ஐந்தாம் நாள் காலை எல்லம்மா வழக்கம்போல் எண்ணும் கிளிக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டைவிரலுக்கு வேலையே வரவில்லை.

[இந்த இடத்தில் அதிகாரிக்கு ஒரு கொடூரச் சிரிப்பு வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். பெங்களூரில் வற்றிய ஏரி என்றால் அடுத்த வருடம் லே-அவுட் என்று பார்த்துப் பார்த்துப் பயந்தவர் அவர். செய்ததெல்லாம் நல்லெண்ணத்தில்தான். கொடூரச் சிரிப்பே தேவலை.]

3

மார்கிட் வந்தார். மாலை போட்டார்கள். படிவத்தை எடுத்தார்.

பெயர்ப்பலகை மூன்று மொழியில் இருக்கிறதா? டிக். மேலாண்மைத் திட்டம் அச்சில் இருக்கிறதா? டிக். பார்வையாளர் கழிப்பறை? டிக். தண்ணீர் மட்டம்? ஆஹா! டிக் போட்டுப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினார்: இதே மட்டத்தை நிரந்தரமாகக் காக்கவும்.

கடைசிப் பக்கத்தில் பறவைகள். 4,633 என்று ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. போன வருடத்து எண்ணிக்கை, கூடவே பத்து சதவீதம். (ஊரே வளரும்போது பறவை மட்டும் வளராமல் இருக்கலாமா?) கீழே, எண்ணியவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

எல்லம்மா அன்று காலை எண்ணியது பதினொன்று. அதில் ஒன்பது காக்கை.

"மேடம், நோ பேர்ட்ஸ் மேடம்!" என்று ஏரிப் பக்கம் கையை நீட்டினார்.

மார்கிட் ஏரியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். தாள்தான் தெளிவாக இருந்தது. பிறகு ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "பறவைகளை எண்ண எனக்கு அதிகாரம் இல்லை. எண்ணுவதற்கு முறை ஒன்று இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தேன். உங்கள் கையெழுத்து இருந்தால் முறை இருக்கிறது."

(இதை நான் எழுதியதாக நினைக்க வேண்டாம். எனக்கு இவ்வளவு நன்றாக வராது.)

வெங்கடசுப்ரமணியன் எல்லம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதோ பாரும்மா. ஏரி பட்டியல்ல நீடிச்சா உன் வேலை பர்மனென்ட். ஃபைல் என் டேபிள் மேலயே இருக்கு. பன்னெண்டு வருஷமா காத்திருந்தே, கெடுத்துக்காதே."

"போடறேன் சார். போட்டா மதகைத் திறப்பீங்களா?"

"அதெப்படி? இதே மட்டம்தான் இருக்கணும்னு அவளே எழுதிட்டாளே."

"அப்ப வராத பறவைங்களுக்கு என்னை பர்மனென்ட்டா காவல் வெக்கிறீங்க."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

4

முடிவு அ: எல்லம்மா 4,633-ஐ அடித்துவிட்டு 11 என்று எழுதுகிறார். மார்கிட் கண்கலங்கி அவரைக் கட்டிக்கொள்ள, மதகு திறக்க, வானம் கறுக்க உள்ளான்கள்...

வேண்டாம். பதினொன்று என்று எழுதினால் ஏரி பட்டியலிலிருந்து இறங்கும். வாட்சர் வேலை போகும். மறுநாள் எல்லம்மா ஆஸ்டின் டவுனில் வீட்டு வேலை தேட வேண்டும். மதகு திறந்தாலும் திறக்கலாம், "ஏன் பதினொன்று?" என்று யாராவது ஒருவர் கேட்டால்.

முடிவு ஆ: கையெழுத்துப் போடுகிறார். காக்கி யூனிஃபார்ம், பி.எஃப்., அடையாள அட்டை எல்லாம் வருகின்றன. தினமும் காலையில் போய்த் தண்ணீரை எண்ணிவிட்டு வருகிறார். நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.

கடைசியில் அவரிடமே கேட்டுவிட்டேன்: "போட்டீங்களா, இல்லையாம்மா?"

"சொல்லமாட்டேன் சார். போட்டேன்னா 'பாவம், ஏழை'ன்னு எழுதுவீங்க. போடலன்னா வீராங்கனைன்னு எழுதுவீங்க. ரெண்டும் எனக்கு வாணாம்."

5

நானே முடித்துவிடலாம்தான். ஆனால் அவர் பெயருக்கு நேராக நான் கை வைத்தால், 4,633 என்று டைப் அடித்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

சரி, பேனாவைப் பிடியுங்கள். நீங்கள்தான் இப்போது எல்லம்மா. மார்கிட் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், விமானத்துக்கு நேரமாகிறது. வெங்கடசுப்ரமணியன் தாள் பறக்காமல் மூலையை விரலால் அழுத்திக்கொண்டிருக்கிறார். ஏரி தளும்புகிறது. அழகாகத்தான் இருக்கிறது.

போடுங்கள், அல்லது போடாதீர்கள். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு மட்டும் போகிறேன் என்று சொல்லாதீர்கள். அந்த வேலைக்குத்தான் ஐரோப்பாவிலிருந்து ஆள் வந்திருக்கிறதே.