பி-யில்தான் போட்டாள்

தெருச் சரிவில் வண்டியை நிறுத்தியவள் மஞ்சுளாதான். அது தானாக உருண்டு போய் எதிர்வீட்டுத் தையலம்மாளின் மாட்டுக் கொட்டகையை இடித்ததும் உண்மைதான். ஆனால் கியரை ‘பி’யில், அதாவது பார்க்கிங்கில், போட்டுவிட்டுத்தான் இறங்கினாள். நெட்டப்பாக்கத்தில் ஒருத்தரும் இதை நம்பவில்லை. மாமனார் சிங்காரவேலுவோ தெருவில் நின்றே, “பி-ல போடாம எறங்கிட்டா. இவளுக்கு இன்னாத்துக்கு காரு?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

மாடு தப்பித்தது. மஞ்சுளாவின் மானம்தான் போயிற்று. முட்டி தேய்ந்த அவளால் கிளட்ச் மிதிக்க முடியாது என்றுதான் இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கினார்கள். வண்டி இல்லையென்றால் வில்லியனூரில் பார்க்கிற வேலையும் இல்லை. விடுவாளா?

மறுநாள் காலை, வாசலில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் மாமனாரின் வழியை மறித்து நின்றாள்.

“மாமா, நீங்களே உள்ள உக்காந்து பி-ல போடுங்க.”

“இன்னா வெளயாட்டு இது?”

“போடுங்க மாமா.”

உட்கார்ந்து கியர் லிவரைக் கடைசிவரை தள்ளினார். “போட்டாச்சி. எனக்கு கண்ணு இல்லியா?”

மஞ்சுளா பின்னால் போய் மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். முட்டி விண்ணென்று தெறித்தது. வண்டி சிங்காரவேலுவையும் சுமந்துகொண்டு வாசலோரத்து முருங்கை மரத்தைப் பார்த்து நகர்ந்தது.

“ஏய், ஏய்! நிறுத்து!” அலறியபடி பிரேக்கை மிதித்தார்.

அவள் ஸ்க்ரூடிரைவரால் லிவரைச் சுற்றியிருந்த மூடியை நெம்பி, செல்போன் லைட்டை அடித்தாள். பி-க்குப் போகிற பள்ளத்தில் குங்குமத்தோடு சேர்ந்து கல்லாக இறுகிக் கிடந்தது சந்தனம். லிவர் பி-யில் நிற்கிற மாதிரி நின்றதே தவிர, சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பூட்டு விழவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குப் பூஜை போட்டு லிவருக்குச் சந்தனம் அப்புகிறவர் சிங்காரவேலுதான்.

சுரண்டித் துடைத்ததும் பி ‘டக்’கென்று விழுந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே தள்ளிப் பார்த்தார். வண்டி அசையவில்லை. சாவியை நீட்டினார்.

மஞ்சுளா வாங்கவில்லை. “தெருவுல சொன்னத தெருவுலயே சொல்லுங்க மாமா.”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளை முறைத்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. கடைசியில் விடுவிடுவென்று தெருவைத் தாண்டிப் போனார்.

“தையலம்மா! நேத்து நான் சொன்னது தப்பு. மருமவ சரியாதான் போட்டா. உன் கொட்டாய இடிச்சது நான்.”

சாணி அள்ளிக்கொண்டிருந்த தையலம்மாள் அப்படியே நிமிர்ந்தாள். இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன. மஞ்சுளாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க நடந்து போய்ச் சாவிக்குக் கையை நீட்டினாள்.