பத்து வரிசை

"எந்த வரிசையில விட்டோம்?" என்று அப்பா கேட்டபோது அவள் வரப்பின் சரிவில் குந்தியிருந்தாள். பள்ளிக்கூட பஸ் அப்போதுதான் சாலையைக் கடந்து போயிருந்தது. கூடப் படித்தவர்கள் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுவார்களோ என்று தலையைத் தூக்காமலே இருந்தாள். மக்காச்சோளம் முழங்கால் உயரம்தான். அதற்குள் ஆள் ஒளிய முடியாது.

அப்பா செடிக்குச் செடி யூரியாவைத் தூவிக்கொண்டே முன்னால் போவார். அவள் பின்னாலேயே காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு வருவாள். மூடாவிட்டால் வெயிலில் பாதி ஆவியாகிவிடும். அவர் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் போட்டு முடித்த வரிசையின் தலைமாட்டில் குச்சி நட்டு வைப்பதும் அவள் வேலைதான். முந்தின நாள் காடு முழுக்கக் களை வெட்டி மண்ணைக் கிளறியிருந்ததால், போட்ட வரிசையும் போடாத வரிசையும் பார்வைக்கு ஒன்றுபோலக் கிடந்தன. குச்சி அவள் கையிலேயே இருந்தது. நடவில்லை என்று சொன்னால், எங்கே பராக்குப் பார்த்தாய் என்பார். அவர் வாளியை நிரப்பக் குனிந்த நேரம் எழுந்து போய், தோன்றிய இடத்தில் ஊன்றினாள்.

"இங்கதாம்பா."

சாயங்காலம், காட்டின் கோடியில் பத்து வரிசை மிச்சமிருக்கும்போதே மூட்டை காலியாகிவிட்டது. அப்பா சாக்கைத் தலைகீழாக உதறிப் பார்த்தார். எந்த வருஷமும் குறைந்ததில்லை. கடையிலிருந்து மூட்டைகளை வண்டியில் ஏற்றி வந்தவன் அண்ணன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மூட்டை சோளத்தை ரகசியமாக விற்றுப் போன் வாங்கியவன்.

"வழியில எவனுக்குடா அளந்து குடுத்த?"

"நான் தொடவே இல்லப்பா."

"அன்னைக்கும் இதையேதான் சொன்ன."

அம்மா குறுக்கே வந்தாள். "ரெண்டு வாளி உரம். வாங்கிப் போட்டுட்டு வேலையப் பாப்பீங்களா, ஊரக் கூட்டுவீங்களா?"

"வாங்க மாட்டேன். அந்தப் பத்து வரிசையும் அப்படியே நிக்கட்டும். இவன் ஒத்துக்கற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருக்கட்டும்."

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. நாள் ஆக ஆக வாய் கனத்துப்போனது.

மூன்றாவது வாரம் அந்த வரிசைகள் மஞ்சளாகத் தொடங்கின. அடி இலையின் நுனியில் பிடித்து, நடு நரம்பு வழியாகவே மஞ்சள் உள்ளே இறங்கியது. குருத்து மட்டும் பச்சையாக நின்றது. இப்படி மஞ்சளாவதை முன்பொரு சமயம் அவளுக்கு முதன்முதலில் காட்டியவனே அண்ணன்தான். "அடி இலை தன்கிட்ட இருக்கறத குருத்துக்குக் குடுத்துட்டுப் பட்டினி கெடக்குது பாரு ஊமச்சி. மூத்ததா பொறந்தா இதான் கதி" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். இப்போது அவன் சிரிப்பதில்லை. அப்பா அவனோடு பேசுவதுமில்லை. "அவனச் சாப்பிடச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

சோறு கொண்டுபோகும் வழி அந்த வரிசைகளை ஒட்டித்தான். நட்ட நடுப்பகலிலும் அவள் அங்கே நடையை எட்டிப் போடுவாள். காற்றில்லாதபோதும் இலைகள் உரசின. உரசலுக்குள்ளிருந்து யாரோ மெதுவாகக் கேட்டார்கள், எந்த வரிசையில விட்டோம் என்று. வீட்டில் பாத்திரம் விளக்கும்போதும் அது கேட்டது. சுவரில் விழுந்த ஜன்னல் கம்பிகளின் நிழலை எண்ணினாள். பத்து. கம்பிகளை எண்ணினாள். எட்டுதான் இருந்தன.

காட்டின் நடுவில் இன்னொரு பட்டை, மற்றதைவிட ஒரு முழம் உயரமாக, கருகருவென்று வளர்ந்து நின்றது. "போன வருஷம் அங்கதான குப்பை கொட்டுனோம்" என்று அப்பா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

மஞ்சள் வரிசைகள்கூட ஆள் உயரம் தாண்டியிருந்த சமயம், ஒரு நாள் மழையோடு பெருங்காற்று அடித்தது. விடிந்து போய்ப் பார்த்தால், அந்தக் கரும்பச்சைப் பட்டை மட்டும் மொத்தமாகச் சாய்ந்து கிடந்தது. தூக்கி நிறுத்த எல்லோரும் இறங்கினார்கள். அண்ணன் ஒரு தண்டை நகத்தால் கீறினான். தண்ணீர் கட்டியதுபோல் கொழகொழவென்றிருந்தது. ரெட்டைப் பங்கு தின்ற செடி. நிமிர்ந்து, விரலை நீட்டி எண்ணினான். பத்து. கோடியிலிருந்த மஞ்சளைப் பார்த்தான். அதை எண்ண வேண்டியிருக்கவில்லை.

சாய்ந்த செடிகளை விலக்கியபோது தலைமாட்டில் குச்சி இருந்தது. மழையில் ஊறிக் கறுத்திருந்தது.

அவன் அவளைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள்.

"என்னடா மரமாட்டம் நிக்கற?" பின்னாலிருந்து அப்பா கேட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேராக அவனிடமே கேட்டார். "இப்பவாவது வாயத் திறந்து உண்மையச் சொல்லு."

அண்ணன் குனிந்து குச்சியைப் பிடுங்கினான். ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தான். அவள் கையைப் பிடித்து, அதில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, மஞ்சள் வரிசைகளுக்குள் நுழைந்து சாலையை நோக்கி நடந்தான். தலை மறைந்தது. இலை நுனிகள் அசைவதை வைத்துத்தான் அவன் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று தெரிந்தது. சாலையோரத்தில் கடைசி இலையும் அசைந்து நின்றது.