ஆண் கிடைக்காத பூச்சி

பூச்சி ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் கைப்பிரதியின் ஒரு பக்கத்தைக் குறுக்கே கோடிழுத்து அடித்து அவள் பக்கம் தள்ளினார். பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளில் எது எந்த இனம், எது எங்கெங்கே வாழ்கிறது என்று மலையும் சதுப்புமாக நாயாய் அலைந்து அவள் எழுதிய நூல் அது. அடிக்கப்பட்ட பக்கத்தில் இருந்தது அவருடைய பூச்சி. இளவயதில் அவர் பிடித்துப் பெயர் வைத்த கறுப்பு இனம். பதவி, பாராட்டு எல்லாம் அதன் புண்ணியத்தில் வந்தவை. அது தனி இனமே இல்லை, அதற்கு முன்பே பெயர் பெற்றுவிட்ட மஞ்சள் இனத்தின் பெண்தான் என்று அவள் எழுதியிருந்தாள்.

"இந்தப் பக்கத்தை எடுத்துரும்மா. உன் வேலையை நிரந்தரமாக்குற ஃபைலும் என் மேசைக்குத்தான் வருது."

"கறுப்புல இதுவரைக்கும் ஒரு ஆண்கூடக் கிடைக்கலையே சார். மஞ்சள்ல ஒரு பெண்ணும் இல்ல. ரெண்டும் இருக்குற இடத்தை வரைபடத்துல குறிச்சா புள்ளி மேல புள்ளி விழுது."

"ஆண் நம்ம கண்ணுல படல, அவ்வளவுதான்."

அப்புறம் வம்சம் எப்படி ஓடுகிறதாம் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

வீட்டில் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "பூச்சிக்கு எந்தப் பேரா இருந்தா என்ன அண்ணி? அது பாட்டுக்குப் பறக்கப்போகுது. வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் சண்டை போடுங்க."

"பொய்னு தெரிஞ்சே என் பேருல அச்சாகணுமா?"

கோபமான கோபம் வந்தது. அதில் பாதி, ஒரு நிமிடம் தலையாட்டப் பார்த்த தன் மேலேயே.

காலையில் குளியலறை ஜன்னலோரம் அவள் வளர்த்த கூட்டுப்புழுவிலிருந்து கறுப்பி ஒருத்தி வெளியே வந்திருந்தாள். வலைக்கூண்டோடு பேருந்து ஏறி, நேரே இயக்குநர் அறைக்குப் போய்த் திறந்த ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"என்ன இது?"

"உங்க பூச்சி சார். கொஞ்சம் பொறுங்க, மாப்பிள்ளை வருவாரு."

பெண் பூச்சி தன் இனத்து ஆணை வாசனையால் அழைக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்துப் புதர்களில் மஞ்சள் பூச்சிகள் பறக்கும் பருவமும் அதுதான். வெயில் ஏறியது. முதல் மஞ்சள் பூச்சி காற்றை எதிர்த்துத் தள்ளாடி வந்ததும் இயக்குநர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்தவை கண்ணாடியில் முட்டின.

"வேலை போயிரும், யோசிச்சுக்கோ."

"பக்கம் இருக்கும் சார்."

அவரைத் தாண்டிக் கை நீட்டி, அவர் விரல்களோடு சேர்த்தே கொக்கியைத் தள்ளினாள். மஞ்சள் கூட்டம் அவர் தோளை உரசிக்கொண்டு வந்து கூண்டை மொய்த்தது.