வெரிட்டியா, லேக்கரா

ஒரு கன்னத்தை மழித்தாகிவிட்டது. மறு கன்னத்தில் சோப்பு நுரை காயத் தொடங்கியிருந்தது. கீழே பின்கதவு திறந்து, கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டது. தட்டிவிட்டு உள்ளே வருகிற பழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது.

"பெரில்! மேலயா இருக்கே?"

ஹோரஸ் சித்தப்பா. கூடவே பெர்சியின் இருமல்.

"அசையாதீங்கப்பா," என்றாள் பெரில். ஆர்னால்டு அசைகிற நிலையில் இல்லை. காலையில் வந்த நர்ஸ், யாரையாவது கூப்பிடுவதானால் இன்றைக்கே கூப்பிட்டுவிடச் சொல்லிப் போயிருந்தாள். கூப்பிட இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் அப்பாவின் தம்பி. மற்றவர் கம்பளி மில்லில் அப்பாவோடு சாயத்தொட்டி ஓரத்திலேயே காலத்தைத் தள்ளிய பெர்சி.

மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். பெர்சி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஹோரஸ் தன் அண்ணனின் முகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"பாதிதான் ஷேவ் ஆயிருக்கு."

"நீங்க வந்துட்டா எந்த வேலைதான் முழுசா முடிஞ்சிருக்கு, சித்தப்பா?"

ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சாகக் கிடக்கிறவன் பக்கத்தில் என்ன பேசுவதென்று யார்க்‌ஷயர்க்காரனுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவனுக்குத் தெரிந்தது மில், மழை, கிரிக்கெட். மில்லை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. மழையோ ஜன்னலில் தானே பேசிக்கொண்டிருந்தது.

"இப்ப சுழல் போடுற இந்த ஸ்வான் பையன் பரவால்ல," என்றார் பெர்சி.

"பரவால்லயா?" என்றார் ஹோரஸ். "ஒரு தூறல் விழுந்தா ஓடிப்போய் தார்ப்பாய் போட்டு மூடிடுறானுங்க. அந்தக் காஞ்ச தரையில பந்தைத் திருப்புறான்யா அவன். உன் வெரிட்டிக்கு ஈரத்தரை இல்லேன்னா என்ன பண்ணியிருப்பாரு?"

"வாயைக் கழுவுடா. பத்து ரன்னுக்குப் பத்து விக்கெட்."

"ஈரத்துல."

"அந்த ஈரம் எதிராளிக்கும்தானே இருந்துது? அவன் ஏன் எடுக்கல?"

"லேக்கர் ஒரே டெஸ்ட்ல பத்தொம்பது எடுத்தான். அதுவும் ஆஸ்திரேலியாக்காரனை! இன்னொருத்தன் எடுக்கட்டும், நான் பாதி மீசையோட தெருவுல நடக்கிறேன்."

"உனக்கு மீசையே கிடையாது. வெரிட்டி நம்ம யார்க்‌ஷயருக்கு ஆடினவரு, லேக்கர் சர்ரேக்காரன்."

"ஷிப்லி பக்கம் பொறந்தவன்! நம்ம மண்ணு. இங்கேருந்து பஸ்ல போயிடலாம்."

"பொறந்தா ஆச்சா? ஆடினது அங்கதானே?"

"இங்க கூப்பிட்டாத்தானே இருப்பான்!"

பெரிலின் கையில் சவரக்கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு மூக்குக்குக் கீழே மெதுவாக இறங்கியது.

வீட்டுப் பின்சந்தில், கரிக்கொட்டகைக் கதவில் சுண்ணாம்புக் கோடு கிழித்து அவள் பந்து போட்ட காலம் உண்டு. விரலால் திருப்பி, தரையில் பட்டதும் சட்டென்று உள்ளே திரும்புகிற பந்து. பக்கத்து வீட்டுப் பையன்கள் மட்டையைச் சுழற்றிக் காற்றை அடிப்பார்கள். ஆர்னால்டு புகைக்குழாயோடு வாசற்படியில் நின்று பார்ப்பார். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பார்.

அந்த வார்த்தையின் அர்த்தம் ஊருக்கே தெரியும். சனிக்கிழமைகளில் கிரிக்கெட் கிளப் பையன்களுக்குப் பந்து போடப் பழக்குகிறவர் அவர்தான். தேறாதவனிடம் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தேறுகிறவனைத்தான் திட்டுவார். அவன் விரலைப் பிடித்துத் திருத்துவார், தோளைத் தட்டி நிமிர்த்துவார், இருட்டுகிற வரை விடமாட்டார். எவனையாவது அப்பா திட்டுகிற சத்தம் கேட்டால் கிளப் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும் பெரிலுக்குக் கத்தி வழுக்கும். பந்து போடுவதை நிறுத்தி எத்தனையோ காலமாகியும் வழுக்கியது. ஒரே ஒரு குறை போதும். அவள் பந்தில் ஒரு குறையை அவர் சொல்லியிருக்கலாம். இப்போது இந்த இரண்டு கிழங்களையும் வைத்துக்கொண்டு அதை எப்படிக் கேட்பது?

முகத்தைத் துடைத்துவிட்டாள். உதடுகளுக்குத் தண்ணீர் தொட்டு வைத்தாள்.

"அட, மறந்தே போச்சு." ஹோரஸ் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுத்தார். தோல் தேய்ந்து கறுத்திருந்தது. "கிளப்ல குடுத்தனுப்பினாங்க. பிடிச்சுக்கட்டும்னு."

அண்ணனின் இடது கையில் வைத்தார். விரல்கள் மூடவில்லை. பந்து போர்வைமேல் உருண்டது. விழாமல் பெரில் பிடித்தாள். பெர்சி தொப்பியின் உட்புறத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஆர்னால்டே சொல்லட்டும்," என்றார் ஹோரஸ், தொண்டையைச் செருமிக்கொண்டு. "வெரிட்டியா, லேக்கரா?"

"எப்பக் கேட்டாலும் யோசிக்கிறேம்பான். கல்யாணத்தன்னிக்குக் கூட அதையேதான் சொன்னான்," என்றார் பெர்சி.

"பாதிரியார்கிட்டயா?"

"என்கிட்டடா."

ஆர்னால்டின் கண் திறந்திருந்தது. தம்பியைப் பார்க்கவில்லை, பெர்சியைப் பார்க்கவில்லை. பெரில் குனிந்து பார்த்தாள். தன்னை அறியாமல் அவள் விரல்கள் பந்தின் தையலைக் குறுக்கே பிடித்திருந்தன. அவர் கண் அங்கேதான் இருந்தது.

அவர் கை போர்வைமேல் ஊர்ந்து வந்தது. வர நேரமாயிற்று. வந்து, அவளுடைய ஆள்காட்டி விரலைத் தொட்டு, தள்ளியது. போதவில்லை போலும், இன்னும் கொஞ்சம் தள்ளியது. நடுவிரலுக்கும் அதற்கும் நடுவே நன்றாக இடம் விழுந்தது. பிறகு கட்டைவிரலை நகத்தால் ஒரு தட்டு. அது அங்கே இருக்கக் கூடாது. அவள் கட்டைவிரலை எடுத்தாள். அவர் நெற்றியில் லேசாக ஒரு சுருக்கம் விழுந்தது. இவ்வளவு நாளா இப்படியா பிடிச்சுக்கிட்டிருந்தே என்கிற மாதிரி.

அந்தக் கை அவள் கைமேலேயே நின்றது.

"ரெண்டு பேருக்கும் அப்பன் ரோட்ஸ்," என்று பெர்சி ஆரம்பித்திருந்தார். "நாலாயிரத்துக்கு மேல விக்கெட். அதுக்கென்ன சொல்றே?"

"அவர் நம்ம தாத்தா காலம். அவரை எதுக்கு இழுக்கிறே?"

கையின் கனம் மாறியதை பெரில் உணர்ந்தாள். நெற்றிச் சுருக்கம் தானாக விரிந்தது. அவள் அவர் மார்பைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்; அது மறுபடி எழவில்லை.

"என்ன சொல்றான் உங்கப்பன்?" என்றார் ஹோரஸ்.

"யோசிக்கிறாரு."

"யோசிக்கட்டும், யோசிக்கட்டும். மழை வேற விடுற மாதிரி இல்ல."

பெர்சி நாற்காலியை விட்டு எழப்போனார். பெரில் கையை நகர்த்தாமல் தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"அண்டர்வுட்டை விட்டுட்டீங்களே," என்றாள்.

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் டீ ஊற்றிக் கொடுத்தவள் இந்த வழக்கில் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

"அவன் கென்ட்டுக்காரன்," என்றார் ஹோரஸ் சந்தேகமாக.

"இருக்கட்டும் சித்தப்பா. அவரும் வெரிட்டி மாதிரி இடதுகை. ஈரத்தரை கிடைச்சா அவரையும் யாரும் தொட முடியாது. அந்த முனையில அவரு, இந்த முனையில வெரிட்டி. யாருக்கு முதல்ல விக்கெட் விழும்?"

பெர்சி மறுபடி உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் மாட்டினார். முகத்தில் பழைய சனிக்கிழமை வந்துவிட்டது.

"அப்படிக் கேளு, கண்ணு. இதை எவனும் கேட்டதே இல்ல."

"அதான் கேக்கறேன். மெதுவாச் சொல்லுங்க, அவசரமில்ல."

"முதல்ல மழை நிக்கணும்," என்று ஆரம்பித்தார் பெர்சி. "அப்புறம் வெயில் அடிக்கணும்."