நத்தம் வண்டியில் அரிப்பு

சவரிமுத்துவுக்கு வந்த அரிப்பு அவனுக்கு அரிக்கவில்லை. அவன் நடத்துநராகப் போன நத்தம் – திண்டுக்கல் வண்டியில் ஏறியவர்களுக்கு அரித்தது.

சித்திரையில் தொடங்கியது. காலை ஏழே கால் வண்டி நத்தத்தை விட்டு நகர்ந்ததும் எல்லோருக்கும் இடது கெண்டைக்காலில் ஆரம்பிக்கும். பள்ளிக்கூட வாத்தியாரும் மாம்பழக் கூடைக்காரியும் கல்லூரிப் பெண்களும் ஒரே நேரத்தில் குனிவார்கள். கோபால்பட்டி வருவதற்குள் அது மேலே ஏறி நடு முதுகுக்குப் போய்விடும். நடு முதுகு யாருக்கும் எட்டாது. அதனால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் இருப்பவருக்குச் சொறிந்துவிடுவார். முதல் வரிசைக்காரர் குடைப்பிடியை நீட்டி ஓட்டுநர் சேவுகனைக் கவனித்துக்கொள்வார். கடைசி வரிசைக்குப் பின்னால் ஆள் இல்லை. அந்த ஆறு பேருக்கும் சவரிமுத்துவே டிக்கெட் மெஷினை அக்குளில் இடுக்கிக்கொண்டு சொறிந்துவிடுவான்.

இறங்கினால் நின்றுவிடும்.

பணிமனையில் மூட்டைப்பூச்சி மருந்து அடித்தார்கள். இருக்கைகளை மாற்றினார்கள். பிறகு வண்டியையே மாற்றினார்கள். புது வண்டியிலும் அரித்தது. சவரிமுத்து விடுப்பில் இருந்த இரண்டு நாளும் யாருக்கும் அரிக்கவில்லை. அதற்கப்புறம் பணிமனையில் அந்தப் பேச்சு எழவில்லை. அரிப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டது, வண்டியும் நேரத்துக்கு ஓடியது.

சவரிமுத்துவுக்குத்தான் சங்கடமாக இருந்தது.

"என்னால உங்களுக்கும் தொந்தரவு, அண்ணே."

"என் மச்சினன் தர்ற தொந்தரவுக்கு இது பரவால்ல" என்றார் சேவுகன், கியரை விட்டுவிட்டு இடுப்பைச் சொறிந்தபடி.

தினமும் நத்தத்தில் ஏறுகிறவர்களில் ஷாகிதா என்று ஒரு அம்மா இருந்தாள். திண்டுக்கல்லில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஆவணியில் ஒரு நாள் அவள் தன் கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முன் இருக்கைப் பெண்ணின் கழுத்தைப் பார்த்தாள். பேருந்து நிலையத்தில் எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்து சவரிமுத்துவிடம் வந்தாள்.

"தம்பி, நாலு மாசமா கவனிக்கிறேன். யாருக்கும் தடிப்பு இல்ல, சிவப்பு இல்ல. சொறிஞ்ச கோடு மட்டும்தான் இருக்கு."

"மன்னிச்சுக்கங்கக்கா."

"அதுக்குச் சொல்லல. தோல்ல ஒண்ணுமில்லாம இத்தனை நாள் அரிச்சா உள்ள என்னன்னு பாக்கணும். பெரும்பாலும் பெருசா ஒண்ணும் இருக்காது. தோல் வறண்டாலும் அரிக்கும். ஆனா கல்லீரல், கிட்னி கெட்டாலும் அரிக்கும். எப்பவாவது ஒருத்தருக்கு எங்கியோ கட்டி ஒளிஞ்சிருக்கும். போய்ப் பாத்துருங்க."

"எனக்குத்தான் அரிக்கலையேக்கா."

"பெல்ட்டுல எத்தன ஓட்டை புதுசாப் போட்டீங்க?"

சவரிமுத்து குனிந்து பார்த்தான். மூன்று இருந்தன.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி அமலி அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அவன் வாசற்படியிலேயே நின்று ஷாகிதா சொன்னதைச் சொன்னான். அமலி அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு ரவிக்கையின் நீளக் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கைவரை சிவப்புக் கோடுகள்.

"எப்ப இருந்து?"

"தவக்காலத்துல இருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வேலைக்குப் போனா நின்னுரும். வந்தா அரிக்கும். உங்களப் பாத்தா எனக்கு அரிக்குதுன்னு எப்படிங்க சொல்றது? பன்னெண்டு வருசம் குடும்பம் நடத்திட்டு."

சவரிமுத்து முற்றத்துக்கு இறங்கி நின்றான். "இப்ப?"

"அரிக்குது."

அவன் தெருவைத் தாண்டிக் குழாயடிக்குப் போனான். "இப்ப?"

"நின்னுருச்சு."

பதினான்கு அடி இருக்கும். அவன் குழாயடியிலும் அவள் வாசலிலுமாக நின்றார்கள். ராத்திரி ராத்திரி வேர்வையில் நனையும் அவன் தலையணை உறையை அவள் மாற்றியதும், அதைப் புழுக்கம் என்று அவன் நினைத்ததும் இருவருக்கும் ஞாபகம் வந்தன. பிறகு அமலி செருப்பை மாட்டிக்கொண்டு குழாயடிக்கு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் தாமரைச்செல்வி சீட்டை விரித்து, "அரிப்பு யாருக்கு?" என்று கேட்டார்.

அமலி, சேவுகன், ஷாகிதா, கூடவே வந்திருந்த பயணிகள் என்று பதினோரு பேர் கை தூக்கினார்கள். டாக்டர் எல்லோருடைய தோலையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். இடையில் பேனாவின் பின்முனையால் தன் முதுகைச் சொறிந்துகொண்டு, சீட்டில் பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினார்.

"ரத்தம் மட்டும் இவர்தான் குடுக்கணும்" என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. கழுத்திலிருந்து நெல்லளவு சதை எடுத்துச் சோதித்ததில் நிணநீர்க் கணுவில் புற்றுநோய் என்று வந்தது.

"மருந்து நல்லாக் கேக்கிற வகை இது" என்றார் டாக்டர். "ஆறு மாசம் ஊசி போடணும். நேரத்துல வந்திருக்கீங்க."

"எனக்கே அரிச்சிருந்தா இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன்."

"உங்களுக்கு அரிச்சிருந்தா பவுடர் போட்டுட்டு உக்காந்திருப்பீங்க."

விடுப்புக்கு முந்திய நாள், கடைசி நடை. சவரிமுத்து டிக்கெட் கொடுத்து முடித்ததும் பின் படிக்கட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து நின்றான். அங்கிருந்தால் முன்பாதி வண்டிக்காவது பதினான்கு அடி தள்ளி இருக்கலாம். மாம்பழக் கூடைக்காரி எட்டிப் பார்த்தாள். மாம்பழக் காலம் முடிந்து அவள் கொய்யாவுக்கு மாறியிருந்தாள்.

"ஏன் அங்க தொங்குறீக? உள்ள வாங்க. அரிச்சா அரிச்சுட்டுப் போகுது."

அவன் உள்ளே வந்தான். கோபால்பட்டியில் கடைசி வரிசைக்குச் சொறிந்துவிடும்போது அவன் கை பாதியில் நின்றது. பயம் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. முதுகைக் கொடுத்திருந்த வாத்தியார் திரும்பிப் பார்க்காமல் அவன் கைமேல் சற்றுப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

முதல் ஊசிக்கு அவன் முடி கொட்டியது. இரண்டாவதுக்குச் சோறு மண்ணாக இருந்தது. அமலி தினமும் காலையில் அவனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் குழாயடியிலிருந்து நடந்து வருவாள். அரிக்கத் தொடங்கும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போடுவாள். ஐப்பசியில் கோடு தெருவைத் தாண்டி முற்றத்துக்குள் வந்தது. மழையில் அழிந்தது, மறுபடி போட்டாள். கார்த்திகையில் வாசற்படி ஏறியது. கிறிஸ்துமஸ் அன்று நாற்காலிக்குக் கைநீட்டும் தூரத்தில் இருந்தது.

மாசியில், கடைசி ஊசிக்கு முன்னால், அவன் கையைப் பிடித்தால் மட்டும் அரித்தது. அவள் பிடித்துக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு நாள் பிடித்தாள், அரிக்கவில்லை. சற்று நேரம் விடாமல் பிடித்துப் பார்த்துவிட்டு, உலை கொதிக்கிறது என்று எழுந்து போனாள். அடுத்த வாரம் ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டச் சொன்னார் டாக்டர்.

சவரிமுத்து வேலைக்குத் திரும்பினான். தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்த்தியிருந்தான். ஏழே கால் வண்டி நத்தத்தை விட்டுக் கிளம்பியது. யாரும் குனியவில்லை. கோபால்பட்டி நெருங்கும்போது பழக்கத்தில் சில கைகள் முன் முதுகுகளை நோக்கி எழுந்து, பிறகு மடிக்கே திரும்பின.

கோபால்பட்டி நிறுத்தத்தில், தினமும் ஜன்னலில் தூரத்தே தெரியும் கரந்தமலை நின்றிருந்தது. சேவுகன் வண்டியை ஓரம் கட்டினார். அது முன்வாசல் வழியாக ஏறியது. ஷாகிதா பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டாள்.

"திண்டுக்கல் ஆஸ்பத்திரி ஒண்ணு" என்றது மலை.

சவரிமுத்து டிக்கெட் கொடுத்தான்.

"எதுக்குப் போறீங்க?" என்று ஷாகிதா விசாரித்தாள்.

"வடக்குச் சரிவுல ஒரு வாரமா பறவை உக்கார மாட்டேங்குது."

"பாத்துருங்க. தள்ளிப்போடாதீங்க."

"கொஞ்சம் உள்ள நகந்துக்கங்க, கதவு மூடணும்" என்றான் சவரிமுத்து. மலை நகர்ந்து கொடுத்தது. அவன் விசில் ஊதினான்.