கர் மே கோயி ஹை

மஸ்கட்டில் ஒரு வடநாட்டுக் குடும்பத்துக்குச் சமைக்க ஆள் தேவைப்பட்டது. விழுப்புரத்து ஏஜென்ட், கிருஷ்ணவேணியிடம் சுருக்கமாகத்தான் சொன்னார்.

"அந்தம்மா போன்ல இந்தியில நாலு கேள்வி கேப்பாங்க. பதில் சொல்லிட்டீங்கன்னா டிக்கெட். முழிச்சீங்கன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

அவள் கிளம்ப நினைத்தது சம்பளத்துக்காக மட்டுமில்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். கண்டாச்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் கலைப்பிரியா போனை எடுத்தால், "அப்பறம் பேசறேம்மா" என்பதோடு சரி. தன் ஊரான இரும்பையில் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனால் டிவி மட்டும்தான் பேசும். நாலு பேர் சத்தம் கேட்கிற வீட்டில் ஒரு மூலையில் கிடந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

திண்டிவனத்தில் அவள் வேலை செய்யும் மெஸ்ஸில் சப்பாத்தி போடுபவர் ராம்பிரவேஷ். பீகார்காரர், அரைகுறைத் தமிழ். மாவு பிசைந்துகொண்டே அவர் சொல்லிக்கொடுக்க, வெங்காயம் நறுக்கிக்கொண்டே இவள் திருப்பிச் சொல்வாள். முதலில் வாயில் நின்றது 'அச்சா'; சரி, நல்லது என்று அர்த்தமாம்.

மெஸ் முதலாளி முருகையனுக்கு இது ஒரு வேடிக்கை.

"இன்னாக்கா, பையா பையான்னு கூப்டுக்கினு இருக்கற? அந்தாளுக்குத் தல நரச்சிப் போச்சு."

"அவங்க ஊர்ல அண்ணனத்தான் அப்பிடி கூப்புடுவாங்களாம்ணே."

"ஜல்தி கத்துக்கோ. அப்பறம் அந்தம்மா பேஜாராயிடப் போவுது."

"பாத்தியாண்ணே, பாதி இந்தி ஒன் வாயிலயே கெடக்குது."

தினமும் பாடத்தின் கடைசியில் ராம்பிரவேஷ் கேட்பார்: "கர் மே கோயி ஹை?"

'கர்' என்றால் ஊர் என்று அவளாக முடிவு பண்ணியிருந்தாள். கோயிக்கு அர்த்தம் வேறு வேண்டுமா? ஊரில் கோயில் இருக்கிறதா என்கிறார். இரும்பை சிவன் கோயில் மனதில் வர, "ஹை. படா ஹை," என்பாள் பெருமையாக.

அவர் முகம் மலரும். சாயந்திரம் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மீந்த சப்பாத்தியெல்லாம் ஒரு கட்டாக அவள் பைக்குள் போகும். சாமிக்குத்தான் கொடுக்கிறார் என்று நினைத்து, கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போவாள்.

ஒருநாள் வேலை முடியும் முன்பே கட்டை நீட்டியபடி கேட்டார்: "அக்கா, கொழந்தைங்க சப்பாத்தி புடிக்குதா?"

"எந்தக் கொழந்தைங்க?"

"அக்கா வீடு. பெரிய ஃபேமிலி. நீ சொன்னது."

"நான் எப்ப சொன்னேன்? எங்க ஊரு கோயிலத்தான பெருசுன்னு சொன்னேன். சப்பாத்தியும் அங்கதான் போவுது."

விஷயம் புரிந்ததும் முருகையன் கல்லாவில் இருந்து எழுந்து வந்து சிரித்தார். 'கர்' என்றால் வீடு, 'கோயி' என்றால் யாராவது. வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கு, இருக்கிறது, பெரிசாக இருக்கிறது என்று இத்தனை நாளும் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் சிரித்துச் சிரித்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ராம்பிரவேஷ்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். "அப்போ, அக்கா? வீடு?"

"அடுப்புல எண்ண காயுது பையா," என்று திரும்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் யாராவது கேட்டால்கூட, "மவ இருக்கா, மருமவன் இருக்காரு" என்றுதான் சொல்லிப் பழக்கம். அவர் அதற்குமேல் துருவவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த சப்பாத்தியைப் பார்த்தபடி, "இல்லன்னா, கோயி நஹி சொல்லு," என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. கை கழுவக்கூட நேரமில்லாமல் பின்கட்டுக்கு ஓடினாள். பேர் கேட்டார்கள், சொன்னாள். சமைக்கத் தெரியுமா என்றார்கள், ரொட்டி, தால், சப்ஜி என்று அடுக்கினாள். அப்புறம் அந்த அம்மாள் கேட்டார்.

"கர் மே கோயி ஹை?"

மகளைச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. 'மகள் வேறு ஊரில்' என்பதற்கு இந்தி தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பாளோ.

"கோயி நஹி."

தமிழில் ஒருவரிடமும் சொல்லாத சொல் இந்தியில் சுலபமாக வந்துவிட்டது.

"அச்சா," என்றார் அந்த அம்மாள் சந்தோஷமாக. "பஹுத் அச்சா."

வீட்டில் ஆளில்லாதவள் லீவு கேட்க மாட்டாள், ஊருக்கு ஓட மாட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் புரிந்துகொள்ள கிருஷ்ணவேணிக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

"இன்னாக்கா ஆச்சு?" என்றார் முருகையன்.

"டிக்கெட் போடறாங்களாம்."

ராம்பிரவேஷ் சாயந்திரம் எப்போதும் போலக் கட்டை நீட்டினார். அதே கனம்.

"கோயிலுக்கு," என்றார்.

வாங்கிக்கொண்டாள். கோயில் வாசலில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். சாவியைப் போட்டவள் திருகாமல் கொஞ்சம் நின்றாள். பிறகு கதவைப் பார்த்து, பாடம் ஒப்பிப்பது போல் மெதுவாகக் கேட்டாள்.

"கர் மே கோயி ஹை?"